வற்றாத கிணறும் வறட்சிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். சென்னையில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது, இந்தப் பகுதியில் இத்தனை அடி, அந்தப் பகுதியில் இத்தனை அடி என்று கணக்கும் கூடவே இருக்கும். படிப்பவர்களுக்கு மனம் குளிரும். கோடையில் அதே கணக்கு இறங்குமுகமாக வரும். உடனே ஒரு கவலைத் தலையங்கமும் வரும். இரண்டிலுமே வடசென்னைக் கடலோரத்தின் சங்கதி விடுபட்டுப் போகிறது. எங்கள் பக்கம் கிணறு வற்றுவதில்லை, கரிக்கிறது. அடிக்கணக்கில் அது தெரியாது.

நான் தண்டையார்பேட்டையில் மாவுக் கடை வைத்திருப்பவள். என் மாமியார் ஆட்டுக்கல்லில் ஆட்டி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து வந்தது, இன்று இரண்டு கிரைண்டர், ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் என்று வளர்ந்திருக்கிறது. அரிசி விலையோ உளுந்து விலையோ ஏறினால் மாவு விலையை ஏற்றலாம். முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். தண்ணீர் கெட்டால் அந்த வழியும் இல்லை. கரிக்கிற தண்ணீரில் ஊறிய உளுந்து காணாது. கிரைண்டரின் விளிம்பு வரை பொங்கி வரவேண்டிய மாவு அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உப்பே போடாத மாவில் உப்புத் தெரியும். நாலு நாள் அப்படி விற்றால் போதும், ஐந்தாம் நாள் நம் வாடிக்கை வீட்டுப் பிள்ளை அடுத்த தெருக் கடையில் தூக்குச்சட்டியோடு நிற்பதைப் பார்க்கலாம். அதனால் ஊறவைக்கவும் அரைக்கவும் குழாய்த் தண்ணீர். அது வராத நாளில் கேன் தண்ணீர், கேனுக்கு 30, 35 ரூபாய். அரிசியின் முதல் கழுவலுக்கும் பாத்திரம் தேய்க்கவும் மட்டும் கிணற்று நீர். அந்தப் பாத்திரங்களில் வெள்ளை வெள்ளையாகப் படியும் உப்பைப் புளி போட்டுத் தேய்த்தாலும் முழுக்கப் போவதில்லை.

வீட்டின் பின்கட்டில் இருப்பது உறை இறக்கிய பழைய கிணறு. கடல் நடக்கும் தூரம்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாளம் பாளமாக வெடித்த ஏரிப் படுகையின் படம் வராத பத்திரிகை இல்லை. மடிப்பாக்கத்தில் என் நாத்தனார் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் வெறும் காற்றைத்தான் இழுத்தது. அந்த நாட்களில் ஒருமுறை இங்கே வந்தவள் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன அண்ணி, கையெட்டும் ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது" என்றாள். வாளியில் சேந்தி ஒரு கை வாயில் விட்டவள் அங்கேயே துப்பினாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்று யாராவது அளவு நாடாவோடு வந்திருந்தால் எங்கள் கிணற்றை நீர் உள்ள கிணறு என்றுதான் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள்.

இதன் காரணம் தெரியாத மர்மம் ஒன்றும் அல்ல. கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், எடை குறைவாக இருப்பதால், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அது கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலத்தடி நீர் வல்லுநர்கள் சொல்லிவரும் கணக்கு இது. மேலே அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் கீழே உப்பு நீர் 40 அடி ஏறி வரும். கிணற்றை எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு இறங்கியது ஓர் அடிதான். உப்பு ஏறி வந்தது யார் கண்ணுக்கும் படாது.

இதே கடலோர மணல் ஒரு காலத்தில் கோட்டைக்கே தண்ணீர் கொடுத்தது. 1772-ல் வெட்டிய ஏழு கிணற்றிலிருந்துதான் ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் போனது. அந்தப் பெயரைத் தாங்கிய பகுதி எங்களிடமிருந்து பஸ்ஸில் சில நிறுத்தம்தான். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் ஊருக்குக் குடிநீர் கிடைத்ததென்றால், பெய்த மழை மணலுக்குள் இறங்கியது, இறைத்தது அதைவிடக் குறைவாக இருந்தது. வேறு மந்திரம் இல்லை.

எங்களுக்கு வடக்கே நடந்ததையும் சொல்லவேண்டும். ஆரணி ஆற்றுக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் இடைப்பட்ட பூமி நல்ல ஊற்றுள்ள பூமி. 1960களின் கடைசியிலிருந்து தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் எடுத்தார்கள். விவசாயிகளும் பயிருக்கு இறைத்தார்கள். பிறகு ஆற்று மணலையும் விட்டுவைக்கவில்லை. நிலத்துக்கு அடியில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை முறைப்படுத்த 1987-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. இனிப்புத் தண்ணீர் கொடுத்த அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். பூமி சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததை இன்று மின்சாரம் செலவழித்துக் கடலிலிருந்து பிரித்தெடுக்கிறோம். ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடசென்னையில் பல பகுதிகளின் குழாய்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் அறிவிப்பு வந்தால் முதல் நாளே குடம், அண்டா, பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். ஆனால் ஆலை இருக்கிறதே என்று மணலுக்குள் இருக்கும் மிச்சத்தையும் கைகழுவலாமா?

ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், குறை மட்டுமே எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். கொடுங்கையூரில் கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019 முதல் இருக்கிறது. ஆலைக் கொதிகலனுக்கு அந்தத் தண்ணீர் போதும். பிள்ளைகள் குடிக்கவேண்டியதை அங்கே ஊற்றிக்கொண்டிருந்த காலம் மாறியதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

எங்கள் கிணற்றின் உப்பை நான் எப்படி அளக்கிறேன் என்று கேட்பீர்கள். கேன் போடும் தம்பியிடம் பேனா அளவில் ஒரு கருவி இருந்தது, டி.டி.எஸ். மீட்டர் என்பார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும். அவர் புதிதாக ஒன்று வாங்கியபோது பழையதை என்னிடம் கொடுத்தார். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் அந்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் கிணறு மே மாதத்தில் 2,000-ஐத் தாண்டும். நல்ல மழை பெய்த ஆண்டின் தை மாதத்தில் அதில் பாதிக்கு இறங்கும். கடை வாசலில் மாவு விலை எழுதும் பலகையில், அரைக் கிலோ இவ்வளவு, ஒரு கிலோ இவ்வளவு, அதற்குக் கீழே கிணற்று உப்பு இவ்வளவு என்று எழுதிவிடுவேன். முதலில் சிரித்தார்கள். இப்போது நான் எழுத மறந்தால் கேட்கிறார்கள். எதிர் வீட்டுத் தாத்தா தங்கம் விலை விசாரிக்கிற தோரணையில், "இன்றைக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் நடைப்பயிற்சிக்குப் போவார். ஒன்று சொல்லவேண்டும்: அந்தக் கருவிக்குச் சாக்கடை தெரியாது. குழாயில் கழிவுநீர் கலந்து வரும் நாளிலும் அது அழகான எண்ணைக் காட்டும். அதற்கு மூக்கைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. விடியற்காலையில் அடிபம்பை அடித்து, நாற்றம் போகும் வரை வெளியே விட்டு, அப்புறம்தான் குடம் வைக்கிறோம்.

வெயிலைப் பற்றியும் என் தொழிலை வைத்தே சொல்கிறேன். மாமியார் காலத்தில் பொழுது சாய்ந்ததும் கரைத்து வைத்த மாவு விடிந்தால்தான் பொங்கியிருக்கும். இப்போது சித்திரை, வைகாசியில் இரவு ஒன்பதுக்கு வைத்தால் நள்ளிரவு தாண்டியதும் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிகிறது. பகல் வெயில் சென்னைக்குப் புதிதல்ல. 2003 மே மாதத்தில் 45 டிகிரியைப் பார்த்த ஊர் இது. இரவிலும் சூடு இறங்காததுதான் எங்களை வாட்டுகிறது. தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே வாழும் எங்கள் பகுதிக் குடும்பங்கள் மோட்டார் போட்டுத் தரையெல்லாம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பாய் விரிக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் தண்ணீரும் அதே மணலிலிருந்துதான் வருகிறது. வெயில் கூடக் கூட இறைப்பதும் கூடுகிறது.

மழைக்கு வருகிறேன். உலகம் ஒரு டிகிரி சூடேறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதைக் கொட்டும்போதும் ஒரே மூச்சில் கொட்டும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரையைத் தொடாமலேயே எங்களைப் பிழிந்தெடுத்தது. இரண்டே நாளில் சென்னையில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஆண்டு முழுவதற்கும் சராசரி சுமார் 140 சென்டிமீட்டர்தான். பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் நிரம்பி, வெளியே போகவேண்டிய நீர் வீட்டுக்குள் திரும்பியது. கிரைண்டர்களை மேசை மேல் ஏற்றியும் ஒன்றின் மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தோம். தரைக்குக் கீழே தொட்டி கட்டியிருந்தவர்கள் எல்லோருடைய தொட்டியிலும் சாக்கடை. மின்சாரம் இல்லை, மாடித் தொட்டிக்கு ஏற்றவும் வழியில்லை. எர்ணாவூரில் என் தங்கை வீட்டுக்குள் வந்தது வெறும் வெள்ளம்கூட இல்லை, எண்ணெய் கலந்த வெள்ளம். சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. எண்ணூர் முகத்துவாரத்து மீனவர்களின் படகும் வலையும் அந்த எண்ணெயில் நாறியதை நீங்களே படத்தோடு போட்டீர்கள். அதை அவர்கள் எழுதினால்தான் முழுதாக வரும், நான் விலகிக்கொள்கிறேன்.

வெள்ளத்துக்கு மருந்தாக இப்போது கொசஸ்தலை ஆற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு மழைநீர் வடிகால் கட்டியிருக்கிறார்கள். தாழ்வான இடங்களுக்கு அது தேவைதான். வியாசர்பாடி சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டவர் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் உப்பைக் கீழே தள்ளி வைக்கக்கூடிய ஒரே தண்ணீர் மழைநீர். அதைக் கான்கிரீட் பெட்டிக்குள் விட்டுக் கால்வாய் வழியாகக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் கடலிலிருந்து குடிநீர் எடுக்கிறோம். வடிகாலின் அடியைத் திறந்து விட்டால் மணல் உறிஞ்சிக்கொள்ளாதா என்று கேட்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் பக்க வடிகாலில் திருட்டுத்தனமாக எத்தனை வீட்டுச் சாக்கடை சேர்கிறது என்பதை வாசனையே சொல்லும். அந்த இணைப்புகளைத் துண்டிக்காமல் அடியைத் திறந்தால் கிணறு கரிப்பதோடு நாறவும் செய்யும்.

மாடித் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் ஆண்டில் விழும் மழை சுமார் 1,30,000 லிட்டர். சிந்தியது சிதறியது போனாலும் லட்சம் லிட்டர் தேறும். எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-லேயே அரசு சட்டம் போட்டது. குழாய் இல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேட்டால்தான் வண்டவாளம். பாதிக் குழாய் தெருவில் முடிகிறது. சிலது நேராகப் பாதாளச் சாக்கடைக்கே போகிறது. மழை நாளில் தெரு மூடி பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டு வரைபடத்தில் ஒரு தொட்டியை வரைந்து காட்டினால் அனுமதி கிடைத்துவிடும். தொட்டியில் மணலும் ஜல்லியும் இருக்கிறதா, இல்லை பழைய செருப்பு கிடக்கிறதா என்று பார்க்க யாரும் வருவதில்லை.

எங்கள் மாடிக் குழாயை ஜல்லித் தொட்டி வழியாகக் கிணற்றுக்குத் திருப்பிவிட்டிருக்கிறோம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, இரண்டாவது மழையிலிருந்து உள்ளே. ஐப்பசி, கார்த்திகையில் எண் சரசரவென்று இறங்குகிறது. மாசி பிறந்தால் மறுபடி ஏறத் தொடங்குகிறது. ஏன் தெரியுமா? மணலுக்கு வேலி கிடையாது. நான் விட்ட மழைநீரைப் பக்கத்து நான்கு வீட்டு மோட்டாரும் சேர்ந்து இழுக்கின்றன. அவர்களும் விடவேண்டும், தெருவே விடவேண்டும், அப்போதுதான் உப்பு பின்வாங்கும். ஒரு மாவுக்கடைக்காரி சொல்லித் தெரு கேட்காது. மாநகராட்சி சொன்னால் கொஞ்சமாவது கேட்கும்.

இதற்குக் காலம் தாழ்த்தவும் முடியாது, ஏனென்றால் கடல் சும்மா நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியபோது வடக்கு நோக்கி நகரும் மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரித்தது. மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் மணல் எங்கள் குப்பங்களிடமிருந்து பறிபோன மணல் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது வெறும் பொருமல் அல்ல. இன்று கரை நெடுகப் பாறைகளும், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளும்தான். அது போதாதென்று உலகம் முழுவதும் கடல் மட்டம் 1901-லிருந்து 2018-க்குள் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு அறிக்கை சொல்கிறது. ஓர் அடிக்கு 40 அடி என்ற கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். கரையில் 20 சென்டிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. மணலுக்கு அடியில் அப்படியல்ல.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளக்கப் போகும் ஊழியர் கையில் அந்தப் பேனாக் கருவியையும் கொடுத்தனுப்பினால் போதும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பகுதிகளுக்கு நீர்மட்டத்தோடு உப்பின் அளவையும் மாதம்தோறும் வெளியிடட்டும். நீங்களும் அதைச் சேர்த்து அச்சிடுங்கள். எந்தத் தெருவில் எண் ஏறுகிறதோ அந்தத் தெருவில் போர்வெல் போட அனுமதி தராமல் இருக்கலாம். அங்கே குழாய்த் தண்ணீரைக் கூட்டலாம். லாரி எந்தத் தெருவுக்கு முதலில் போகவேண்டும் என்பதையும் சிபாரிசு பார்க்காமல் அதை வைத்தே முடிவு செய்யலாம். இன்று கிணறு வற்றிய பகுதி என்றால் லாரிக்கு முன்னுரிமை கேட்கலாம். கிணறு நிறைய உப்பு வைத்திருக்கும் எங்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

இன்னொன்று. எங்கள் வட்டாரத்தில் பள்ளிகள், ரேஷன் கடைகள், சமுதாயக் கூடங்கள், கோயில், மசூதி, தேவாலயம் என்று பெரிய கூரைகள் எத்தனையோ உண்டு. பக்கத்திலேயே குப்பை கொட்டியோ சிமென்ட் பலகை போட்டோ மூடிவைத்த பழைய உறைக்கிணறுகளும் உண்டு. கூரைக்கும் கிணற்றுக்கும் இடையே வேண்டியது ஒரு குழாயும் ஒரு ஜல்லித் தொட்டியும். எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கும் அதன் சுற்றுச்சுவரை ஒட்டிய பாழுங்கிணற்றுக்கும் இடையே என் தப்படியில் இருபது அடிகூட இருக்காது. ஒருமுறை ஓர் அதிகாரி வந்து பார்த்தார், நல்ல யோசனை என்றார், கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். அதன்பின் ஒரு பருவமழை போய்விட்டது. அடுத்தது ஐப்பசியில் தொடங்கும்; தூர் எடுத்துக் குழாய் போட ஆடி, ஆவணி இரண்டு மாதம் தாராளம்.

உங்கள் நிருபரோ அந்த அதிகாரியோ கிணற்றைப் பார்க்க வருவதானால் காலை 10 மணிக்கு மேல் வரட்டும். சாவி பள்ளிக்கூடத்து ஆயாவிடம் இருக்கிறது, நானே வாங்கித் திறந்து காட்டுகிறேன். அதற்கு முன் வந்தால் மாவு வாங்க வரிசை நிற்கும். கல்லாவை விட்டு என்னால் எழுந்து வர முடியாது.

இப்படிக்கு,
மாவுக் கடை வைத்திருக்கும் ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81